தலைகீழாகப் பிடித்த கித்தார்

எலிசபெத் காட்டனின் 'ஃப்ரெய்ட் ட்ரெய்ன்' பாடலை வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் காணொளிகள் யூடியூப்பில் ஏகப்பட்டது கிடக்கின்றன. அனேகமாக எல்லாமே ஒரே மாதிரிதான் தொடங்கும். கட்டைவிரலால் தடித்த கம்பிகளை மாற்றி மாற்றித் தட்டு, மற்ற விரல்களால் மெல்லிய கம்பிகளில் மெட்டைப் பிடி. விரல்களால் மீட்டும் நாட்டார் கித்தாருக்கு இதுதான் அரிச்சுவடி. காட்டன் வாசித்தது இப்படி அல்ல.

அவர் இடக்கைக்காரர். வலக்கைக்காரர்களுக்காகக் கம்பி கட்டிய கித்தாரை, ஒரு கம்பியைக்கூட மாற்றாமல், அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டார். தடித்த கம்பிகள் கீழே போயின, மெல்லியவை மேலே வந்தன. அதனால் தாளத்தைத் தாங்கும் வேலை ஆள்காட்டி விரலுக்கும், மெட்டு கட்டைவிரலுக்கும் போய்ச் சேர்ந்தது. கையிலேயே பலமான விரல் கட்டைவிரல். அது மேலிருந்து கீழாக, முழு எடையோடு மெட்டின் மேல் இறங்குகிறது. தாளமோ கீழிருந்து மேலாகச் சுண்டி எடுக்கப்படுவதால் பின்னால் தள்ளி நின்று துள்ளுகிறது. மற்றவர்கள் வாசிக்கும்போது ரயில் தடதடக்கும், மெட்டு அதன்மேல் பயணம் செய்யும். காட்டன் வாசிக்கும்போது மெட்டுதான் ரயில்.

எந்தக் கம்பியில் எந்தக் கட்டத்தை அழுத்துவது என்று எண்களால் எழுதும் 'டேப்' முறையில் இது வராது. எண்கள் சுரத்தைச் சொல்லும், கையைச் சொல்லாது. ஆங்கிலம் வழியாக வந்த ரஷ்ய நாவல்களைத் தமிழில் படித்து வளர்ந்த நமக்கு இந்த நஷ்டம் ஒன்றும் புதுசில்லை. கதை முழுசாக வந்துவிடும், ஆள் நடந்த நடை வராது.

நான் வலக்கைக்காரன். குளுவாங்கில் என் அறையில் கித்தாரைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்தேன். "ஏன்டா இந்த வேண்டாத வேலை? நோட்டு அதேதானே?" என்றான் ஜொகூர் பாருவில் பேண்டில் வாசிக்கும் நண்பன். நோட்டு அதேதான். சி, ஜி, ஈ, எஃப், பழகியவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டே வரும் கார்டுகள். ஆனால் கட்டைவிரல் மெட்டைத் தொட்டபோது பாட்டு கொஞ்சம் முதிர்ந்துவிட்டது. குழந்தைப் பாட்டு மாதிரி இருந்ததில் ஒரு பிடிவாதம் ஏறியது. 'எளிமையான வாசிப்பு' என்று காட்டனைப் பற்றிச் சொல்பவர்கள் ஒரு தடவை திருப்பிப் பிடித்துப் பார்க்கட்டும்.

1890களில் வட கரோலினாவில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் பிறந்தவர். அண்ணன் வீட்டில் இல்லாத நேரத்தில் அவன் பாஞ்சோவை எடுத்து வாசித்துப் பழகினார். சிறுமியாக இருக்கும்போதே மாதம் ஒரு டாலருக்கும் குறைந்த சம்பளத்தில் வீட்டுவேலைக்குப் போனார், 3.75 டாலருக்குச் சொந்தமாக ஒரு கித்தார் வாங்கினார். 'ஃப்ரெய்ட் ட்ரெய்ன்' அந்த வயதில் கட்டிய பாட்டு. பிறகு கல்யாணம், குழந்தை. உலகப் பாட்டெல்லாம் கூடாது என்று தேவாலயத்தில் சொல்ல, பல பத்தாண்டுகள் கித்தார் ஒதுங்கிப்போனது.

வாஷிங்டனில் ஒரு கடையில் வேலை செய்தபோது, வழிதவறிய ஒரு சிறுமியைத் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். சிறுமி பெக்கி சீகர். தாய், இசையமைப்பாளர் ரூத் க்ராஃபர்ட் சீகர். அந்த வீட்டுக்கே வேலைக்குப் போனார் காட்டன். சுவரில் ஒரு கித்தார் தொங்கியது. மீதியை எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள்: வேலைக்காரம்மா 'கண்டுபிடிக்கப்பட்டார்'.

எனக்கு இந்தச் சொல்தான் உறுத்துகிறது. சீகர் குடும்பம் நல்ல குடும்பம், அதைப் பற்றிப் புகார் இல்லை. ஆனால் 'கண்டுபிடித்த' கதையில் எப்போதும் கண்டவருக்குத்தான் பெயர் நிற்கும். பெக்கி அந்தப் பாட்டை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே இரண்டு ஆண்கள் அதைத் தங்கள் பெயரில் பதிவு செய்துகொண்டார்கள். 1957இல் சாஸ் மெக்டெவிட் குழு, நான்சி விஸ்கியின் குரலில், அதைப் பெரிய வெற்றிப்பாடல் ஆக்கியது. எழுதியவர் உயிரோடு, அமெரிக்காவில் அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் இருந்தார். பிறகு சீகர்களின் உதவியோடு பெயரும் உரிமையும் ஓரளவு திரும்பின. 'நாட்டார் பாடல்' என்று முத்திரை விழுந்துவிட்டால் கட்டியவரைத் தேட வேண்டியதில்லை என்ற எண்ணம் அவ்வளவு வசதியானது. நம் தோட்டத்துத் தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் புத்தகமானபோது தொகுத்தவர் பெயர் அட்டையில் வந்தது. ரப்பர் மரத்தடியில் அதைக் கட்டிய கிழவியின் பெயர் எத்தனை புத்தகத்தில் இருக்கிறது?

முதல் இசைத்தட்டு ஃபோக்வேஸ் வெளியீடாக 1958இல் வந்தபோது காட்டன் அறுபதைத் தாண்டியிருந்தார். மைக் சீகர் பதிவு செய்தது. அதில் எல்லாமே ஒரே தரம் இல்லை. 'கிராஜுவேஷன் மார்ச்' எனக்கு விறைப்பாகவே படுகிறது. ஆனால் 'வாஸ்டபால்' கேளுங்கள். கிரிமியப் போரின் செவஸ்தபோல் முற்றுகையை வைத்து 19ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒரு வரவேற்பறை மெட்டு, கைமாறிக் கைமாறிப் பெயர் தேய்ந்து, இவரிடம் வந்து சேர்கிறது. போரும் இல்லை, வரவேற்பறையும் இல்லை. கம்பிகளை டி கார்டுக்குத் திறந்து சுருதி சேர்த்து, சாயங்கால நேரத்துத் திண்ணைப் பேச்சு மாதிரி வாசிக்கிறார்.

அதைவிட எனக்கு நெருக்கம் 1967இல் வந்த 'ஷேக் சுகரீ'. வீட்டுச் சாமான் எல்லாம் ஒவ்வொன்றாக அடகுக்கடைக்குப் போகிற பாட்டு. வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து வரி கட்டியது. பாடுவது காட்டன் இல்லை, 12 வயதுக் கொள்ளுப்பேத்தி பிரெண்டா எவன்ஸ். துயரமான விஷயத்தை அந்தப் பிள்ளை வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி அலட்டிக்கொள்ளாமல் பாடுகிறாள். பின்னால் கிழவி தன் கட்டைவிரலைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு, குரல் நிற்கிற இடத்தில் மட்டும் மெட்டை எடுத்துக் கொடுக்கிறார். தொடங்குபவர்கள் 'ஃப்ரெய்ட் ட்ரெய்'னை விட்டுவிட்டு இதிலிருந்தே தொடங்கலாம். டேப் தேட வேண்டாம்.