ஒரு புகைப்படமும் ஒரு கவிதையும்

பழைய மலரொன்றில் அச்சான கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றைத் தரம் 9 மாணவர்களிடம் கொடுத்தேன். கரி படிந்த சுவர்கள், வெறுமையான யன்னல்கள். "செல்லடியில உடைஞ்ச வீடோ சேர்?" என்றான் ஒருவன். அவனைக் குறை சொல்ல முடியாது. எங்கள் கிராமத்தில் அப்படியான சுவர்கள் இன்னும் நிற்கின்றன. 1981 ஜூன் தொடக்கத்தில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் இது, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்றேன். மீண்டும் பார்த்தான். "புத்தகம் ஒண்டையும் காணேல்லையே!"

புகைப்படக் கலை பற்றி நான் வாசித்த எதுவும் அதன் எல்லையை இவ்வளவு கச்சிதமாகச் சொல்லவில்லை. கமெராவுக்கு எஞ்சியதுதான் அகப்படும்.

அகப்படாததைக் கற்பனையில் தேடியவர் எம்.ஏ. நுஃமான். அவரது 'புத்தரின் படுகொலை' கவிதையில், அந்த நூலகப் படிக்கட்டிலே புத்தர் சுடப்பட்டுக் கிடக்கிறார். நூல்களோடு சேர்த்து எரிக்கப்படுகிறார். ஆசிரிய கலாசாலையில் படித்த காலத்தில் இதை 'எதிர்ப்புக் கவிதை' என்று குறிப்பெழுதி மூடிவிட்டேன். அந்தத் தீயில் சிகாலோகவாத சூத்திரமும் வருகிறது. ஓசைக்காகச் சேர்த்த பெயர் என்றே நினைத்திருந்தேன். படிப்பிக்கத் தொடங்கிப் பல வருடங்களின் பின்பே அதைத் தேடி வாசித்தேன். சிகாலன் என்ற இளைஞன் ஆறு திசைகளையும் வணங்குகிறான். புத்தரோ ஒவ்வொரு திசையிலும் மனிதரை வைக்கிறார்: கிழக்கில் பெற்றோர், தெற்கில் ஆசிரியர், மேற்கில் மனைவி, வடக்கில் நண்பர், கீழே வேலையாட்கள், மேலே துறவிகள். ஒவ்வொருவருக்கும் கடமை உண்டு. தெரிந்ததை முழுமையாகக் கற்பிப்பது ஆசிரியரின் கடமைகளில் ஒன்று. (சில வெள்ளிக்கிழமைகளில் அது என்னை உறுத்தும்.) இல்லறத்தானுக்குச் சொன்ன இந்த நூலைக் கவிஞர் தெரிந்தெடுத்தது தற்செயலாக இருக்க முடியாது. ஒரு சமயத்தின் மீதான கோபமாகக் கவிதையை வாசிப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் போனவன்தான்.

ஆனாலும் எனக்கொரு மனக்குறை. அந்தக் கனவில் கொன்றவர்கள் இருக்கிறார்கள், ஏவியவர்கள் இருக்கிறார்கள், வாசகனைக் காணோம். பன்மொழி அறிஞர் தாவீது அடிகள், சம் பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அந்தத் தீயைக் கண்டு அதிர்ச்சியில் விழுந்து இறந்தார் என்பது யாழ்ப்பாணத்தில் இன்றும் சொல்லப்படுவது. தூரத்தில் அவர் கண்டதும் நெருப்பையும் புகையையும்தான். அந்த இரவில் அதைக் கண்டவர் பலர். உள்ளே எரிவது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. கற்பனையில் கிடத்திய உடலைவிட இந்த மரணமே என்னை அதிகம் அலைக்கழிக்கிறது. அதற்குக் கவிதையில் ஓரிடம் இருந்திருக்கலாம்.

மறுநாள் அடிகளாரைப் பற்றிச் சொல்லிவிட்டு, அதே படத்தைத் திரும்பக் கொடுத்தேன். அந்த மாணவன் கனநேரம் வைத்திருந்தான். பிறகு ஒரு யன்னலைத் தொட்டுக் காட்டினான்.

"இதுக்குப் பக்கத்தில ஆர் சேர் இருந்து வாசிச்சிருப்பினம்?"

மணி அடித்த பிறகும் படம் என் கைக்கு வரவில்லை.