சொய்கல் ஒரு பீர் வகை அல்ல

பீர் பட்டியல்களில் சொய்கலை ஒரு 'வகை' என்று போட்டு, நிறம் இவ்வளவு, கசப்பு இவ்வளவு என்று எழுதுகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை.

ஜெர்மனியில், பவேரியாவின் ஓபர்ஃபால்ஸ் பகுதியில், விண்டிஷெஷென்பாக், ஃபால்கன்பெர்க், எஸ்லார்ன் போன்ற சில ஊர்களில் இன்றும் ஊர்ப் பொது வடிசாலை உண்டு. மால்ட்டையும் ஹாப்ஸையும் காய்ச்சுவது அங்கே. காய்ச்சிய சாற்றை வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோய், ஈஸ்ட் சேர்த்து நொதிக்க வைப்பது அந்தந்தக் குடும்பம். முறை வந்ததும் வாசலில் ஆறுமுனை நட்சத்திரம் தொங்கும், வீட்டிலேயே விற்பனை. அப்புறம் அடுத்த வீட்டு முறை.

கொப்பரை ஒன்றுதான், ருசி வீட்டுக்கு வீடு மாறும். இதை எந்த அளவுகோலில் அடக்குவது? 2018-இல் ஜெர்மனியின் மரபுப் பட்டியலில் இது 'சொய்கல் பண்பாடு' என்றுதான் ஏறியது, பானம் என்று அல்ல.

'வகை' என்று சொல்லிவிட்டால் எந்தத் தொழிற்சாலையும் அந்தப் பெயரைப் புட்டியில் ஒட்டலாம். ஒட்டவும் செய்கிறார்கள். குடிப்பதற்கு அது நன்றாகவே இருக்கலாம். ஆனால் காய்ச்சும் உரிமை வீட்டோடு சேர்ந்தது. பிள்ளைகள் நிலவறையைப் பூட்டிவிட்டு வெளியூர் போய்விட்டால், வடிசாலைச் செலவைப் பங்கிட ஒரு வீடு குறையும். புட்டி எத்தனை விற்றாலும் அந்த இடம் நிரம்பாது.