கடைசிப் பக்கத்துப் பட்டியல்

ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் மின்னூல்களைக் கதை முடிந்ததும் மூடிவிடுபவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால், அதற்குப் பிறகு அவற்றை வெளியிடும் கணியம் அறக்கட்டளை சேர்க்கும் பக்கங்கள்தான் ரசிக்க வேண்டிய இடம். முதலில் செய்து முடித்தவை, பிறகு அடுத்த திட்டங்கள், கடைசியில் நன்கொடைக்கு மேற்குத் தாம்பரம் வங்கிக் கணக்கு. கட்டற்ற மென்பொருள் உலகில் செய்யாத வேலைகளின் பட்டியலுக்குப் பஞ்சமில்லை. டெபியன் லினக்ஸின் பட்டியலில் எந்த மென்பொருள் பொதி அநாதையாக நிற்கிறது, எதை யார் எடுத்திருக்கிறார் என்பது ஒரே பார்வையில் தெரியும். இமாக்ஸ் உரைத்திருத்தி தன் மூல நிரலோடு ஒரு டூடூ கோப்பையே சுமந்து வருகிறது. வேர்ட் பிராசஸர் ஆகும் ஆசைகூட அதில் உண்டு. துல்லியத்தில் டெபியனுக்குத்தான் முதலிடம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அவை நிரலருக்கு நிரலர் எழுதியவை. சிறுகதை படிக்க வந்தவரிடம் போய் வேலை கேட்கும் துணிச்சல் கணியத்துக்கே உரியது.

கணியம் பட்டியலின் அழகு வரிசையில் இருக்கிறது. முடித்தவற்றில் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்துக்கான எழுத்துணரி வருகிறது. அடுத்த திட்டங்களின் முதல் வரியே, விக்கிமூல நூல்களைப் பணியாளர்களை வைத்துப் பிழைதிருத்துவது. படமாகக் கிடந்த பக்கங்களை எழுத்துணரி எழுத்தாக்கிக் கொட்டியதால்தான் மெய்ப்பு வேலை அப்படிக் குவிந்தது. இன்னும் கீழே எழுத்துப் பிழைத்திருத்தி. அதை அடுத்து வேர்ச்சொல் காணும் கருவி. இந்த இரண்டு வரிகளுக்கு ஈடாக டெபியன் பட்டியல் முழுவதையும் கொடுத்தாலும் வாங்க மாட்டேன். 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்' என்ற சொல் எந்த அகராதியிலும் இருக்காது. 'வா' என்ற வேரைப் பிரித்தெடுத்த பிறகே அது சரியா, தவறா என்று கருவி சொல்ல முடியும். ஆங்கிலத்தில் சொற்பட்டியலை வைத்தே பெரும்பாலும் ஒப்பேற்றிவிடும் வேலை, தமிழில் இலக்கணத்தைக் கேட்கிறது. பிழைத்திருத்தி வரியை எடுக்க வரும் மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்பதை அடுத்த வரி சொல்லிவிடுகிறது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்து நிறுவனங்களுக்கு அது பொருந்தும். அங்கே மேலாளர் இருக்கிறார், கெடு இருக்கிறது. சம்பளமில்லாத திட்டத்தில் வேலையை ஏவ ஆளில்லை. ஏட்டில் எழுதிவைத்தால்தான் முகம் தெரியாத ஒருவர் வந்து எடுப்பார். குறையும் உண்டு. முழுநேர நிரலரை அமர்த்துவதும், மின்னூல்களை கூகுள் பிளே புக்ஸில் ஏற்றுவதும் ஒரே வரியளவில் நிற்கின்றன. எது ஞாயிற்றுக்கிழமை வேலை, எது ஓராண்டு வேலை என்று புரிவதில்லை. கிட்ஹப்பில் கணியம் தனியே வைத்திருக்கும் திட்ட யோசனைக் களஞ்சியம் இதை ஓரளவு ஈடுகட்டுகிறது. அங்கே ஒவ்வொரு யோசனைக்கும் கீழே பேச்சு சேர இடமிருக்கிறது.

கிட்ஹப்பில் இப்போதைய மோஸ்தரோ வேறு. 60 நாள் யாரும் பேசாத யோசனைக்கு 'ஸ்டேல்' முத்திரை குத்தி, அடுத்த 7 நாளில் மூடிவிடும் பாட் ஒன்றை அமர்த்திவிடுகிறார்கள். களஞ்சியம் சுத்தமாக இருக்குமாம். பேச்சு நின்றதால் தேவை தீர்ந்துவிடுமா? கணியம் பட்டியலில் தமிழ்நாடு முழுவதையும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் வரைவது என்றொரு வரி உண்டு. முடியவே முடியாததை எதற்கு எழுதிவைப்பது என்று கேட்கலாம். 2021இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூரையெல்லாம் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சியானது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. புறநகரை வரைந்து முடித்தாயிற்று என்று 2020இல் யாராவது அந்த வரியை அடித்திருந்தால், 2023 முடிவதற்குள் அதை இரண்டு முறை திரும்ப எழுத வேண்டி வந்திருக்கும்.