தோண்டாமல் கண்ட நகரும் உப்பேறிய மண்ணும்

உரோமைக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் பலேரி நோவி என்னும் பழைய நகரம் மண்ணுக்குள் கிடக்கிறது. கி.மு. 241இல் எழுந்த அந்நகரை கி.பி. 700 அளவில் மக்கள் கைவிட்டனர். அதன் மதிலும், 12ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட புனித மரியா ஆலயமுமே இன்று கண்ணுக்குத் தெரியும் முக்கியக் கட்டடங்கள். மண்வெட்டியின் துணையின்றி அந்நகரின் வரைபடத்தைத் தீட்டிய கேம்பிரிட்ஜ், கெண்ட் பல்கலைக்கழக அறிஞர்கள், தம் ஆய்வுரையை 2020இல் 'ஆண்டிகுவிட்டி' இதழில் வெளியிட்டனர்.

அவர்கள் கையாண்டது ராடார் கருவி. நிலத்தின்மேல் இழுத்துச் செல்லப்படும் அக்கருவி ரேடியோ அலைகளை மண்ணுள் செலுத்துகிறது. சுவரிலோ தளத்திலோ பட்டு அலை திரும்பிவர எடுக்கும் நேரம் ஆழத்தை உணர்த்துகிறது. 12.5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, 30.5 எக்டேர் முழுவதும் இவ்வாறு அளந்தனர். கோவிலும் சந்தையும் குளியல் மாளிகையும் வரைபடத்தில் துலங்கின. நீர்க்குழாய்கள் தெருவோரமாக மட்டுமன்றி, வீட்டுமனைகளுக்கு அடியிலும் ஓடுவது தெரிந்தது. வீடுகள் எழுமுன்பே நீருக்கு வழி வகுத்திருந்தனர் என்பதை இதனால் உய்த்துணர்கிறோம். இவ்வாய்வின் தலைசிறந்த பகுதி இதுவே எனலாம்.

ஆயினும் கருவி காட்டுவது வடிவத்தை மட்டுமே. அது காலத்தைச் சொல்லாது, வாழ்ந்தவர் யாரெனவும் சொல்லாது. ஒரு எக்டேரின் பதிவுகளைப் பகுத்தறிய மனிதருக்குச் சுமார் 20 மணி நேரம் பிடிக்கிறது. இறுதியில் படிப்பது மனிதக் கண்ணே. அக்கண்ணோ தான் தேடுவதையே காண விரும்பும். 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் அதை இந்திய-உரோமானிய வணிக நிலையம் என்று எழுதினார். 1989 முதல் 1992 வரை அங்கு மீண்டும் அகழ்ந்த விமலா பெக்லியின் குழுவினரோ, உரோமானியத் தொடர்புக்கு முன்பே அங்கு ஊர் இருந்ததை எடுத்துக்காட்டினர். மண்ணைத் தோண்டியவருக்கே இந்நிலை என்றால், நிழலைப் படிப்பவருக்கு எத்துணை எச்சரிக்கை வேண்டும்!

வேலூர், ஆம்பூர் வாசகர் கருத வேண்டிய மற்றொன்றும் உண்டு. மின்சாரத்தை எளிதில் கடத்தும் மண்ணில் ராடார் அலை விரைவில் மங்கிவிடும். உப்பேறிய களிமண்ணில் கருவி ஏறத்தாழக் குருடாகிவிடும். பச்சைத்தோல் அழுகாதிருக்க நாம் இடும் உப்பு, கழிவுநீரோடு கலந்து பாலாற்றுப் படுகையில் இறங்கியதை நாடறியும். தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாததாயிற்று என்ற ஆய்வுக் கணக்கை, 1996 ஆகஸ்டு 28இல் வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது. முழு நகரம் ஒன்றை வெளிப்படுத்திய அந்த 30.5 எக்டேரோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்போமாக.

நம் மண் வெறும் மண்ணன்று. திருப்பத்தூர்ப் பகுதியின் பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வு, புதிய கற்கால மக்களும் இரும்புக்கால மக்களும் அங்கு வாழ்ந்ததை மெய்ப்பித்தது. அவ்வாறு இன்னும் எத்தனை ஊர்கள் உறங்குகின்றனவோ! தென்னை கருகியதைக் கண்டோம். கிணறு கெட்டதைக் குடித்தறிந்தோம். முன்னோர் விட்டுச்சென்ற எழுத்தும் அதே உப்பில் மங்குகிறது என்பதை மட்டும் நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. அதைப் பழிப்பது நம் கருத்தன்று. உப்பேறாத மேடுகள் எவை என்று முதலில் கணக்கெடுத்து, அவற்றையேனும் அளந்து பதிவு செய்யலாகாதா என்பதே நம் வினா. பலேரி நோவியின் மண் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் காத்திருந்து தன்னைப் படிக்கக் கொடுத்தது. நம் மண்ணுக்கு அத்துணைக் காலம் இல்லை.