நற்பேறும் பாட்டின் தலைப்பும்

நல்லது நடந்தால் ‘அதிர்ஷ்டம்’ என்கிறோம். அச்சொல்லின் பொருளை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. காணப்படாதது என்று பொருள்படும் வடசொல்லின் திரிபே அது. தமிழில் ‘பேறு’ என்றால் பெறப்பட்டது. ஊழின் இருமுகங்களை ‘ஆகூழ்’, ‘போகூழ்’ என்று பிரித்துக் காட்டினார் வள்ளுவர். நம் இல்லங்களில் பெரியோர் வழங்கும் ‘நஸீபு’, ‘கிஸ்மத்து’ ஆகிய அரபு வழிச் சொற்களுக்கோ பங்கு என்பதே பொருள். பங்கு என்றால் பங்கிட்டவன் ஒருவன் உளன் என்பது சொல்லாமலே விளங்கும்.

‘கிஸ்மத்து’ பிறந்த அதே வேரிலிருந்து வேறொரு சொல்லும் பிறந்தது. அறியாமைக் காலத்து அரபுகள் அம்புகளைக் கொண்டு குறி பார்த்துப் பங்கு தேடிய வழக்கத்தை ‘இஸ்திக்ஸாம்’ என்பர். திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் அவ்வழக்கத்தை விலக்கிற்று. ஆக, ஒரே வேரிலிருந்து இரு கிளைகள்: கொடுக்கப்பட்ட பங்கு ஒன்று, குலுக்கிப் பறிக்க முயலும் பங்கு மற்றொன்று. நற்பேற்றைப் பாடும் பாடல்களை நிறுத்துப் பார்க்க இதைவிட நல்ல துலாக்கோல் இல்லை.

ஆங்கிலத்தின் ‘லக்’ என்னும் சொல் பதினைந்தாம் நூற்றாண்டளவில் நெதர்லாந்து, வடஜெர்மனிப் பகுதி மொழிகளிலிருந்து வந்தது. சூதாட்டக் களத்தின் வழியாக அது நுழைந்திருக்கலாம் என்பது சொற்பிறப்பு ஆய்வாளர் கருத்து. இச்சொல்லைத் தலைப்பில் தாங்கிய புகழ்பெற்ற அமெரிக்கப் பாடல்கள் சிலவற்றை எடுத்து, தலைப்பில் உள்ள நற்பேறு பாட்டினுள்ளும் உண்டா என்று காண்போம்.

1950இல் நியூயார்க்கில் அரங்கேறிய ‘கைஸ் அண்ட் டால்ஸ்’ என்னும் இசை நாடகத்திற்காக ஃபிராங்க் லெஸ்ஸர் இயற்றியது ‘லக் பி எ லேடி’. ‘அதிர்ஷ்டமே, பண்புள்ள பெண்ணாக நடந்துகொள்’ என்பது தலைப்பின் கருத்து. நகரின் கழிவுநீர்ச் சுரங்கத்தில் நடக்கும் பகடையாட்டத்தில் நாயகன் இதைப் பாடுகிறான். தோற்றால் ஒவ்வொரு சூதாடிக்கும் ஆயிரம் டாலர் தரவேண்டும். வென்றால் அவர்கள் அனைவரும் பிரார்த்தனைக் கூட்டத்திற்கு வரவேண்டும். பிரார்த்தனைக் கூடத்தை நிரப்ப விரும்பும் அவன், பகடையிடம் பிரார்த்திக்கிறான்! இந்த முரண்தான் பாட்டின் சிறப்பு. தலைப்பு நற்பேற்றை அழைக்கிறது. பாட்டிலோ அது கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சமே நிறைந்திருக்கிறது.

ஆறாண்டுகள் கழித்து, 1956இல், ‘மை ஃபேர் லேடி’ அரங்கேறியது. பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தைத் தழுவி ஆலன் ஜே லெர்னர் பாடல்களை எழுத, ஃபிரடெரிக் லோ இசையமைத்தார். அதில் வரும் குப்பையள்ளும் தொழிலாளி டூலிட்டில், ‘வித் எ லிட்டில் பிட் ஆஃப் லக்’ என்று பாடுகிறான். சிறிது அதிர்ஷ்டம் இருந்தால் உழைப்பையும் கடமையையும் தட்டிக்கழித்துவிடலாம் என்பது அவன் தத்துவம். பின்னர் எதிர்பாராத வகையில் அவனுக்கு ஆண்டுதோறும் பெருந்தொகை கிடைக்க வழி பிறக்கிறது. மகிழ்ந்தானா? மானமுள்ள மனிதனாக வாழ வேண்டியதாயிற்றே என்று புலம்புகிறான். கேட்ட பேறு வந்தபோது அது சுமையாயிற்று.

1962இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது எல்விஸ் பிரெஸ்லியின் ‘குட் லக் சார்ம்’. நான்கிலைக் கீரையும் குதிரை லாடமும் வேண்டாம், நீ ஒருத்தியே எனக்குத் தாயத்து என்று காதலியிடம் கூறும் எளிய பாட்டு. ஆழமில்லை, ஆயினும் ஓர் உண்மை உண்டு. தலைப்பில் தாயத்தை வைத்த பாடல், உள்ளே தாயத்துகளை ஒதுக்கிவிட்டு ஒரு மனித உறவைப் பற்றிக்கொள்கிறது.

இவற்றினும் கனமானவை கறுப்பின மக்களின் ‘புளூஸ்’ பாடல்கள். 1923இல் மா ரெய்னி தம் முதல் இசைத்தட்டுப் பதிவுகளிலேயே ‘பேட் லக் புளூஸ்’ பாடினார். 1967இல் ஆல்பர்ட் கிங் ‘பார்ன் அண்டர் எ பேட் சைன்’ பாடினார். இயற்றியோர் வில்லியம் பெல்லும் புக்கர் டி. ஜோன்ஸும். கெட்ட அதிர்ஷ்டத்தைத் தவிர வேறு அதிர்ஷ்டமே தனக்கு வாய்த்ததில்லை என்பது அப்பாட்டின் சாரம். கேட்போர் புன்னகைப்பர், மறுகணம் புன்னகை உறைந்துபோகும்.

ஆனால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். மிசிசிப்பியில் பிறந்து பருத்திக் காட்டில் உழைத்து வளர்ந்தவர் கிங். அவர் இனத்தாரின் பள்ளியையும் வாக்கையும் பறித்தது எந்த விண்மீன்? நிறப்பிரிவினைச் சட்டங்கள் அல்லவா பறித்தன? மனிதர் எழுதிய அச்சட்டங்களை மனிதரே போராடி, 1964, 1965ஆம் ஆண்டுச் சட்டங்களால் வீழ்த்தினர். அப்பாடகர்கள் இதை அறியாதவர் அல்லர். பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்ட இயலாத காலத்தில் தோன்றிய மரபு அது. ‘கெட்ட அதிர்ஷ்டம்’ என்பது அங்கே ஒரு முகமூடி. முகமூடியின் பின்னே உள்ள முகத்தை அவர்தம் மக்கள் அறிந்திருந்தனர்.

பொழுதுபோக்குப் பாட்டின் தலைப்பை இத்துணை துருவ வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். தலைப்புதான் மக்கள் நாவில் தங்குவது. மெட்டு மறந்தபின்னும் சொல் நிற்கிறது. சொல்லோடு அதன் நோக்கும் நிற்கிறது. நாம் கண்ட பாடல்களில் கெஞ்சல் உண்டு, கேலி உண்டு, புலம்பல் உண்டு. நன்றி மட்டும் இல்லை. கொடுப்பவன் இல்லாத சொல்லில் நன்றி எங்கிருந்து வரும்? கொடுத்தவனை மறைக்கும் சொல், பறித்தவனையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது.

இக்குறையை மேனாட்டார் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் எழுந்துவிட முடியாது. பங்கு என்னும் உயர்ந்த பொருளுடைய சொல்லை நாம் எப்படி வழங்குகிறோம்? கைக்கூலிக்கு வழியின்றி ஒரு பெண்ணின் நிக்காஹ் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது. ‘என்ன செய்வது, அவள் நஸீபு’ என்கிறோம். அவளுக்கு உரிய மஹரைக் கொடுக்க வேண்டியவர் அவளிடமே கைநீட்டிக் கேட்டதை அந்த ஒரு சொல்லால் மூடிவிடுகிறோம். பங்கிட்டவன் மீது பழியைப் போட்டு, பறித்தவனுக்குப் பந்தியில் முதலிடம் தருகிறோம்.

கறுப்பினப் பாடகர்க்கு அச்சொல் முகமூடியாயிற்று. அதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது. நமக்கு என்ன காரணம்? நல்லது வரும்போது கொடுத்தவனை நினைப்பதும், அநீதி வரும்போது செய்தவனைப் பெயர் சொல்லிக் கேட்பதுமே ‘நஸீபு’ என்னும் சொல்லுக்கு நாம் செய்யும் நீதியாகும்.