தாகம் பிந்தி வரும் வயது

மே மாதம், கிழக்குக் கடற்கரைச் சாலை, காலை ஐந்து மணி. அரை மாரத்தான் புறப்படும் இடத்தில் நிற்கும்போதே பனியன் முதுகில் ஒட்டிவிட்டது. எனக்கு அப்போது அறுபத்தொரு வயது. பதினெட்டாவது கிலோமீட்டர் வரை ஒரு குறையும் தெரியவில்லை, தாகம்கூடப் பெரிதாக இல்லை. அதன் பிறகு அந்தப் புழுக்கத்திலும் கைகளில் புல்லரித்தது. கூட ஓடிவந்த நண்பர் தோளைப் பிடித்து, "சார், கோணலா ஓடுறீங்க, உட்காருங்க" என்று நிறுத்தினார். இன்னும் மூன்று கிலோமீட்டர்தானே என்று நான் அவரிடம் வெகுநேரம் வாதாடினேனாம். அந்த வாதத்தில் ஒரு சொல்கூட எனக்கு நினைவில்லை.

ஓட்டக்குழுக்களில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் சொல்லப்படும் அறிவுரை, "உடம்பு சொல்றதைக் கேளுங்க" என்பது. முப்பது வயதுக்காரருக்கு அது போதும். அறுபதைத் தாண்டியவருக்குக் கோடையில் அது போதாது. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குகிறது. உடம்பில் நீர் குறைந்த பிறகும் குடிக்கத் தோன்றுவதில்லை. வியர்வை தாமதமாகத் தொடங்குகிறது, தோலுக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைகிறது. ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் ஏற்கெனவே நீர் குறைந்த உடம்போடு ஓட வருகிறார். இதயத்துடிப்பை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண், அவர் படும் பாட்டைக் குறைத்தே காட்டும். உடம்பு சொல்லத்தான் செய்கிறது, ஆனால் பிந்திச் சொல்கிறது. அதற்குள் மூளை சூடேறிவிட்டால் கேட்பதற்கும் ஆள் இருப்பதில்லை.

இதை வைத்து, வயதானவர்கள் ஓடவே கூடாது என்று சொல்லும் உறவினர்களோடு நான் சேர மாட்டேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 1984இல் தொடங்கி, ஐம்பது வயதைக் கடந்த ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் இருபது ஆண்டு அளவுக்குத் தொடர்ந்து கவனித்தார்கள். 19 ஆண்டுகள் கழிந்தபோது ஓடாதவர்களில் 34 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள், ஓடியவர்களில் 15 விழுக்காட்டினர். ஆரோக்கியமானவர்கள்தான் ஓடவே வருகிறார்கள் என்ற மறுப்பில் நியாயம் உண்டு, ஆனால் அதைக் கழித்தாலும் இடைவெளி பெரிது. பந்தயத்தில் இதயம் நின்றுவிடும் என்ற அச்சத்துக்கும் கணக்கு இருக்கிறது. 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் அரை மாரத்தானும் முழு மாரத்தானும் ஓடிய ஒரு கோடியே ஒன்பது லட்சம் பேரில் இதயம் நின்றுபோனவர்கள் 59 பேர். அரை மாரத்தானில் அந்த ஆபத்து முழு மாரத்தானில் இருப்பதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். நம் ஊரிலேயே அரசியல்வாதி மா. சுப்பிரமணியன் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். வயதும் தூரமும் சேர்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. அவற்றோடு கோடை மூன்றாவதாகச் சேரும் இடத்தில்தான் என் வழக்கு.

எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் 21.1 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 1,500 கலோரி செலவாகிறது. அதில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் சூடாக மாறுகிறது. அந்தச் சூடு வெளியேற இரண்டு லிட்டர் வியர்வையாவது தோலின் மேல் ஆவியாக வேண்டும். ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம், முழங்கையிலிருந்து சொட்டித் தார்ச்சாலையில் விழும் வியர்வை உடம்பைத் துளியும் குளிர்விப்பதில்லை. சென்னையில் விடியற்காலைதான் காற்றில் ஈரப்பதம் மிகுந்த நேரம். "நாலரைக்கே ஆரம்பிச்சிடலாம், வெயில் தெரியாது" என்று சொல்லும்போது வெயிலிலிருந்து தப்பிப் புழுக்கத்துக்குள் போகிறோம். ஆறு மணிக்கெல்லாம் சூரியனும் வந்துவிடுகிறது.

வயது ஒரு தடையே அல்ல என்பதற்கு நாம் எடுத்துக்காட்டும் பெயர்களைப் பாருங்கள். எட் விட்லாக் 73 வயதில் 2 மணி 54 நிமிடத்தில் மாரத்தான் ஓடியது 2004 செப்டம்பர் கடைசியில், டொரன்டோவில். ஃபௌஜா சிங் நூறு வயதில் மாரத்தான் முடித்ததும் டொரன்டோதான், 2011 அக்டோபரில். இரண்டும் பெருஞ்சாதனைகள், இரண்டும் குளிர் தொடங்கும் பருவத்துச் சாதனைகள். அவற்றை அக்கினி நட்சத்திரத்துக்கு ஊக்கவுரையாகச் சொல்வது பொருத்தமில்லை.

உடம்பு வெப்பத்துக்குப் பழகும் என்பது உண்மைதான். பத்துப் பதினான்கு நாட்கள் சூட்டில் பயிற்சி செய்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது. வயதானவர்களுக்கும் இது வாய்க்கும். மெதுவாக ஓடுகிறவருக்கு ஒரு மணி நேரத்தில் உண்டாகும் சூடும் குறைவு. கோடையில் ஓடிப் பழகிய என் வயதினர் மார்கழியில் லேசாக ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். கோடைப் பயிற்சிக்கு ஆதரவாக இவ்வளவும் சொல்லலாம். ஆனால் பயிற்சியில் எந்த முனையிலும் திரும்பிவிடலாம். பதக்கமும் நேரமும் சேர்ந்த பந்தயத்தில் திரும்புவது தோல்வி ஆகிவிடுகிறது. முழங்கால் வலிக்குமே என்று புறப்படும் முன் ஒரு வலி மாத்திரையை விழுங்குவது எங்கள் வயதினரிடம் சாதாரணம். நீர் குறைந்த உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைத் தாக்கும். பந்தயத்தன்று மட்டும் அது எங்களுக்கு மறந்துபோகிறது.

தாகத்தை நம்ப முடியாதென்றால் தண்ணீர்ப் பந்தல்தோறும் குடித்துக்கொண்டே போகலாமா? அதுவும் தவறு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு உப்புச்சத்து இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. சாலையில் அதிக நேரம் இருந்தவர்களும், ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களும் அதில் மிகுதி. இதற்கு நான் கண்ட வழி வீட்டு எடைமேடைதான். ஓடும் முன்பும் பின்பும் ஏறி நிற்கிறேன். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் போயிருக்கிறது, எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. வேகத்தையும் முந்தைய இரவே எழுதிவைக்கிறேன், ஓடும்போது முடிவெடுக்கும் உரிமையை எனக்குத் தருவதில்லை. துணை இல்லாமல் கோடையில் பத்துக் கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை.

பந்தயம் நடத்துகிறவர்களிடமும் எனக்குக் குறை உண்டு. வேகமாக ஓடுகிறவர்கள் முதல் அணியில் புறப்பட்டு ஆறரை மணிக்கு முடித்துவிடுகிறார்கள். கடைசி அணியில் நிற்கும் முதியவர்கள் எட்டு மணி வெயிலில், பனிக்கட்டி தீர்ந்துபோன பந்தல்களைக் கடந்து வருகிறார்கள். நுழைவுக் கட்டணம் எல்லோருக்கும் ஒன்று, வெயில் மட்டும் பலவீனமானவர்களுக்கு அதிகம். காற்றின் சூடு, ஈரப்பதம், வெயில், காற்றோட்டம் நான்கையும் சேர்த்து அளக்கும் வெட் பல்ப் குளோப் கருவியை நான் ஓடிய எந்தக் கோடைப் பந்தயத்திலும் கண்டதில்லை. அந்த அளவு 28 டிகிரியைத் தாண்டினால் நெடுந்தூரப் பந்தயத்தை நிறுத்துவது நல்லது என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் பழைய பரிந்துரை. வெப்பத்துக்குப் பழகிய நமக்கு வரம்பைச் சற்று உயர்த்தலாம், அளக்காமலே நடத்தக் கூடாது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபால்மத் நகரில் ஆகஸ்ட் மாதம் ஏழு மைல் ஓட்டம் ஒன்று நடக்கிறது. 18 ஆண்டுகளில் அங்கே 274 பேர் வெப்பத்தாக்கில் விழுந்திருக்கிறார்கள், ஒருவர்கூட இறக்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் அந்த இடத்திலேயே குளிர்ந்த நீர்த்தொட்டியில் அமிழ்த்தினார்கள். ஒரு தொட்டி, தண்ணீர், ஐஸ் பெட்டிகள், அருகில் ஒரு மருத்துவர். நம் ஊர்ப் பந்தயங்களில் மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் செலவில் இது சிறு பங்கு.

கோடையில் அரை மாரத்தான் நடத்தும் அமைப்பாளர்களே, முடியும் இடத்தில் அந்தத் தொட்டியை வையுங்கள். மெதுவாக ஓடுகிறவர்களை முதலில் அனுப்புங்கள். பத்தாவது கிலோமீட்டரில் நின்றுவிடும் முதியவருக்கும் அங்கேயே ஒரு பதக்கத்தைக் கொடுத்து, வண்டியில் ஏற்றிக் கூட்டிவாருங்கள்.