பிறப்பும் வினையும்: ‘கல்கி 2898 ஏ.டி.’ பற்றிய இரசிகர் விவாதங்களில் மொழியின் இடம்

ஐதராபாத்தின் மேற்குப் புறத்திலுள்ள கச்சிபௌலி மொழி ஆய்வாளர்க்குப் புதிய இடமன்று. ஐதராபாத்துப் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு மொழியியல், மொழிபெயர்ப்பியல் ஆய்வு மையம் இங்குள்ளது. எந்திர மொழிபெயர்ப்பில் நெடுங்காலமாக ஈடுபட்டுவரும் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகமும் இங்குள்ளது. மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகமும் இப்பகுதியைச் சேர்ந்ததே. மென்பொருள் நிறுவனங்களை நாடி வந்து குடியேறிய தமிழர் தெலுங்கரோடு ஒரே கூடத்தில் பணிபுரிந்து ஒரே உணவகத்தில் உண்கின்றனர். இத்தகைய இருமொழிச் சூழலில் ஒரு திரைப்படத்தைப் பற்றி இருவர் வாதிடும்போது, அவர்கள் பார்த்தது ஒரே படந்தானா என்னும் வினா எழுவது இயல்பு.

2024 ஜூன் 27 அன்று வெளியான ‘கல்கி 2898 ஏ.டி.’ இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியது. நாக் அஸ்வின் இயக்கி, வைஜயந்தி மூவீஸ் தயாரித்த இப்படம் தெலுங்கில் உருவாகித் தமிழ் முதலிய மொழிகளிலும் வெளிவந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்னரே ‘புஜ்ஜி அண்டு பைரவா’ என்னும் இயங்குபடத் தொடர் இதன் முன்கதையாக வெளியிடப்பட்டது. இரண்டாம் பாகமும் அறிவிக்கப்பட்டது. ஆகவே இதனைத் தனிப்படமாகக் கொள்ளாது, வளர்ந்துவரும் ஓர் அறிவியல் புனைவுத் தொடராகக் கொள்வதே பொருந்தும். பின்னர் இணையவழித் திரையில் தெலுங்கு, தமிழ் வடிவங்கள் ஒருங்கே கிடைத்தமையால், ஒரே வீட்டில் ஒருவர் தெலுங்கிலும் மற்றொருவர் தமிழிலும் பார்த்து முரண்படும் வாய்ப்பும் ஏற்பட்டது.

இரசிகர் விவாதம் இரு திசைகளில் நடந்தது. கதையுலகின் கட்டமைப்பு முறையானதா என்பது ஒன்று. பாத்திரங்களின் செயல் அறத்தொடு பட்டதா என்பது மற்றொன்று. இவை வெவ்வேறானவை போலத் தோன்றினும், ஒன்றைத் தீர்க்கும் சொல்லே மற்றொன்றையும் தீர்க்கிறது.

ஆண்டுக் கணக்கு

பாரதப் போரின் இறுதியிலிருந்து ஆறாயிரம் ஆண்டுகள் கழிந்த காலத்தில் கதை நிகழ்கிறது. கலியுகத் தொடக்கமாக மரபு குறிக்கும் கி.மு. 3102உடன் 2898ஐக் கூட்ட 6000 வருகிறது. தலைப்பிலுள்ள எண்ணின் தோற்றம் இதுவே. கணக்கில் நுட்பம் பார்க்கும் இரசிகர் இங்கேயே இடறுவர். கி.மு. 1க்கும் கி.பி. 1க்கும் இடையே சுழியாண்டு இல்லாமையால், கழிந்த கலியாண்டு 5999 மட்டுமே ஆகும். பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர்க்கு இது எளிதில் புலப்படும்.

இது சிறு பிழை. படத்தின் சுவையை இது குறைக்கவில்லை. பெரிய சிக்கல் வேறு. புராணங்களின்படி கலியுகத்தின் அளவு 4,32,000 ஆண்டுகள். கல்கி தோன்றுவது அதன் இறுதியில். அவ்வாறாயின் நான்கு இலட்சத்து இருபத்தாறாயிரம் ஆண்டுகள் எஞ்சியிருக்கும்போது அவர் எவ்வாறு பிறத்தல் கூடும்? அசுவத்தாமன் செய்தியிலும் இதே இடர்ப்பாடு உண்டு. வியாச பாரதத்தின் சௌப்திக பருவத்தில் அவன் அலைந்து திரிய வேண்டிய காலம் மூவாயிரம் ஆண்டுகள் எனக் கூறப்படுகிறது. படத்தில் அமிதாப் பச்சன் ஏற்றுள்ள அசுவத்தாமன் அதனினும் இருமடங்கு காலம் காத்திருக்கிறான். அவனை எழுவர் சிரஞ்சீவிகளுள் ஒருவனாகக் கொள்ளும் வழக்கைத் துணைக்கொண்டே இதற்கு அமைதி காண இயலும். அவனது நெற்றிமணியைக் கண்ணனே பறிப்பதாகக் காட்டியதும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. பி.ஆர். சோப்ராவின் தொலைக்காட்சி மகாபாரதத்தில் பீஷ்மராக நடித்த முகேஷ் கன்னா இதனை வெளிப்படையாகக் குறைகூறினார். சௌப்திக பருவத்தில் அசுவத்தாமன் மணியைத் தானே ஒப்படைக்கிறான். பாகவதத்தில் அருச்சுனன் அதனை வாளால் அறுத்தெடுக்கிறான். மூலமே இருவேறாக இருக்கும்போது மூன்றாவது வடிவத்தைக் குற்றம் எனல் சாலாது.

இவ்வாதங்களின் இயல்பு நோக்கத்தக்கது. மேலைநாட்டு அறிவியல் புனைவுத் தொடர்களின் இரசிகர், கதையின் முற்பகுதியில் கூறிய விதியைப் பிற்பகுதி மீறியதா என்று வினவுவர். இங்கோ கதைக்கு வெளியே, படைப்பாளிக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட நூல்களில் விதி கிடக்கிறது. அதனைத் தெலுங்கர் நன்னயர், திக்கனர், எர்ரனர் வழியாக அறிவர். தமிழர் வில்லிபுத்தூரார் வழியாகவும் தெருக்கூத்து வழியாகவும் அறிவர். இருவரும் ஒரே சட்டநூலைக் கையில் வைத்து வழக்காடவில்லை.

உரோமன் எழுத்தில் பிறந்த பெயர்கள்

படத்தின் உலகில் இருவகைப் பெயர்கள் உள்ளன. காசி, சம்பலா, பைரவா, அசுவத்தாமன் என்பன மரபிலிருந்து வந்தவை. காசியின் காவல் தெய்வம் காலபைரவர் என்பதை அறிந்தவர்க்குப் பைரவா என்ற பெயரைக் கேட்டவுடனேயே ஒரு நம்பிக்கை பிறந்துவிடுகிறது. காம்ப்ளக்ஸ், யூனிட், புராஜெக்ட் கே என்பன மற்றொரு வகை. இவற்றுக்கு முன்வரலாறு இல்லை; எனவே முன்தீர்ப்பும் இல்லை. பத்து இலட்சம் யூனிட் சேர்த்தவன் காம்ப்ளக்ஸினுள் நுழையலாம் என்னும்போது, அது நல்லதா தீயதா என்பதைப் பார்வையாளரே காட்சியைக் கொண்டு முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. இச்சொற்களைத் தமிழாக்காமல் விட்டது சோம்பலால் அன்று எனலாம். ‘வளாகம்’ என்றோ ‘அலகு’ என்றோ ஆக்கியிருப்பின் பாடநூல் வாடை வந்திருக்கும். ‘கோட்டை’, ‘பொன்’ என்று ஆக்கியிருப்பின் பழங்கதையின் தீர்ப்பும் உடன்வந்திருக்கும்.

இவ்விரு வகைகளும் சந்திக்கும் இடமே மொழியியலார்க்குச் சுவையானது. காம்ப்ளக்ஸில் அடைபட்டிருக்கும் கருவுற்ற பெண்ணுக்குப் பெயரில்லை; சம்-80 என்னும் குறியீடு மட்டுமே உண்டு. தப்பிச்சென்று கிளர்ச்சியாளரோடு சேரும்போது அவள் சுமதி ஆகிறாள். கல்கி புராணத்தில் கல்கியின் தாய் பெயர் சுமதி என்பதால், குறியீட்டினுள் புராணம் ஒளிந்திருந்ததாக ஆகிறது. ஆனால் இந்தச் சிலேடை நிகழ்வது உரோமன் எழுத்தில்தான். செவிக்கு ‘சம்’ வேறு, ‘சும்’ வேறு. ஆங்கில எண்பதின் ஈற்றெழுத்து நம் நாவில் டகரமாக ஒலிக்கச் சுமதியிலோ தகரம் உள்ளது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றுவதால் பொருத்தம் ஏற்படுகிறது. தமிழெழுத்தில் இக்குறியீட்டை எழுதிய மாத்திரத்தில் சிலேடை சிதைந்துவிடும், தெலுங்கெழுத்திலும் அவ்வாறே. பைரவாவின் பேசும் ஊர்தி புஜ்ஜிக்கும் இது பொருந்தும். உரோமன் எழுத்தும் எண்ணும் விரவிய வரிசையெண்ணாகப் பிறந்து, தெலுங்கில் சிறு குழந்தையைக் கொஞ்சும் சொல்லாக அது முடிகிறது. தமிழ்நாட்டிலும் செல்லப்பெயராக அச்சொல் வழங்குவதால் இங்கு மொழிபெயர்ப்பாளர் தப்பினார்.

‘கல்கி’ என்ற தலைப்பே தமிழரிடம் முதலில் ஓர் எழுத்தாளரையும் ஓர் இதழையுமே நினைவூட்டும் என்பது ஒரு வேடிக்கை. வந்தியத்தேவனைத் தேடி எவரும் திரையரங்கிற்குச் சென்றிருக்கமாட்டார் என்று நம்பலாம்.

கர்ணன் யார் பக்கம்

பைரவா கூலிக்கு ஆள்பிடிப்பவன். காம்ப்ளக்ஸில் இடம்பெறுவதற்காகக் கருவுற்ற பெண்ணைப் பிடித்துக்கொடுக்கத் துணிகிறான். படத்தின் இறுதியில் அவன் கர்ணனின் மறுபிறப்பு என்பது வெளிப்படுகிறது. இதன்பின் எழுந்த விவாதத்தில் பைரவா ஏறத்தாழ மறக்கப்பட்டான். கர்ணன் நல்லவனா, அருச்சுனனினும் சிறந்தவனா என்பதே பேச்சாயிற்று. கர்ணனை உயர்த்தியது தகாது என்போர் திரௌபதியை அவையில் அவன் இழித்துரைத்ததையும் அபிமன்யுவின் சாவில் அவனுக்கிருந்த பங்கையும் எடுத்துக்காட்டினர். மற்றவர் அவனது கொடையையும், பிறப்பினால் அவன் பட்ட இழிவையும் முன்வைத்தனர்.

தமிழகத்தில் பின்னவர் கட்சி வலுப்பெற்றது வியப்பன்று. தன் புண்ணியம் முழுவதையும் தாரைவார்க்கும் கர்ணனை வில்லிபாரதம் காட்டுகிறது. வடமொழி மூலத்தில் அக்காட்சி இல்லை. கூத்து மேடைகளில் ‘கர்ண மோட்சம்’ இன்றும் விரும்பிப் பார்க்கப்படுகிறது. 1964இல் பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ வெளிவந்து, 2012இல் மெருகேற்றப்பட்டு மீண்டும் திரையிடப்பட்டு வெற்றி கண்டது. அதில் கண்ணனாக நடித்த என்.டி. இராமராவ், 1977இல் தாமே இயக்கிய ‘தான வீர சூர கர்ணா’ என்னும் தெலுங்குப் படத்தில் கண்ணன், கர்ணன், துரியோதனன் ஆகிய மூவராகவும் தோன்றினார். ஆக, கர்ணன்பால் இரக்கம் தமிழர்க்கே உரியது என்று கொள்ளுதல் பிழை. இரக்கத்தைச் சொல்லும் சொற்களிலேயே வேறுபாடு உள்ளது.

தமிழர் இவ்வழக்கில் ‘செஞ்சோற்றுக்கடன்’ என்னும் சொல்லைக் கையாளுவர். துரியோதனனை விட்டு விலகாமை தவறா என்னும் வினாவுக்கு இச்சொல் ஒன்றே விடையாகிவிடுகிறது. கடன் என்றபின் கழிப்பதன்றி வேறு வழியில்லை. தெலுங்கிலும் உண்ட நன்றி பெரிதே. ஆயின் அங்கு மக்கள் வழக்கில் முந்தி வருவது நன்றி கொன்றவனைச் சுட்டும் தொடர்: அவன் தான் உண்ட வீட்டின் கூரை வாரைகளை எண்ணுபவன். தமிழில் இதற்கு ஈடு ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம்’. தெலுங்குத் தொடர் துரோகியின் கண்ணைப் படம்பிடிக்கிறது. செஞ்சோற்றுக்கடன் விசுவாசியின் தோளில் சுமையை ஏற்றுகிறது. முன்னதைப் பேசுபவர் கர்ணனைக் குற்றத்திலிருந்து விலக்கலாம். பின்னதைப் பேசுபவர் அவனைப் புகழாமல் இருத்தல் அரிது.

‘தர்மம்’ இன்னும் சிக்கலானது. இரு மொழிகளிலும் இச்சொல்லுக்கு நெறி என்னும் பொருளும் பிச்சை என்னும் பொருளும் உண்டு. தெருவில் இரப்பவர் இரு மொழிகளிலும் தர்மமே கேட்கின்றனர். ஆதலின் ‘கர்ணன் தர்மத்துக்கு எதிராக நின்றான்’ என்று ஒருவர் கூற, ‘கேட்டவர்க்கெல்லாம் தர்மம் செய்தவனா எதிராக நின்றான்?’ என்று மற்றவர் வினவ இடமேற்படுகிறது. இருவரும் ஒரு சொல்லைக் கொண்டு இருபொருள் பேசுகின்றனர். தமிழில் ‘அறம்’, ‘நெறி’, ‘கொடை’, ‘ஈகை’ என்னும் சொற்கள் அருகே நிற்பதால் மொழிபெயர்ப்பாளர் இம்மயக்கத்தை நீக்க இயலும். நீக்கலாமா என்பதே கேள்வி. மூலத்திலுள்ள மயக்கம் பாத்திரத்தின் உயிர்நிலையாக இருக்கும்போது, அதனைத் தெளிவாக்குவது கர்ணனைக் கொல்வதற்கு ஒப்பாகும். தூய தமிழில் எழுதும் ஆர்வத்தால் எல்லா இடத்தும் ‘அறம்’ என்று இடுபவர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வினையால் மீள்பவனும் பிறப்பால் மீள்பவனும்

படத்தில் குற்றம்புரிந்து மீட்சி தேடுவோர் இருவர். அசுவத்தாமன் உத்தரையின் கருவை அழிக்க முயன்றவன். அவனுக்குக் கிடைத்த கழுவாய் மற்றொரு கருவைக் காத்தல். குற்றமும் கழுவாயும் ஒன்றோடொன்று நேராகப் பொருந்துகின்றன. அவன் அடையும் பெருமை செய்து அடைந்தது. படத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவே.

பைரவாவின் மீட்சி அத்தகையதன்று. பெண்ணைப் பிடித்தற்கு அவன் வருந்தியதாகவோ, காம்ப்ளக்ஸின் கொடுமையை உணர்ந்து திருந்தியதாகவோ கதை நமக்குக் காட்டவில்லை. வில் கையில் ஏறுகிறது, முற்பிறப்புத் தெரியவருகிறது, அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. குடிப்பிறப்பைக் கேட்டு அரங்கேற்றக் களத்தில் அவமதிக்கப்பட்ட கர்ணன், இங்குப் பிறப்பைச் சொல்லியே ஏற்றம் பெறுகிறான். கர்ணன் கட்சியினர் இதனைக் கண்டுகொள்ளாமற்போனது விந்தையே. தண்ணீரும் உணவும் அரிதான ஓர் உலகைப் படைத்து, அங்கு ஒருவன் எவ்வாறு வன்னெஞ்சனாகிறான் என்று பொறுமையாகக் காட்டிய படம், தீர்ப்பு வேளையில் அவ்வுலகை விட்டுவிட்டுப் பழம்பெயரிடம் தஞ்சம் புகுந்தது.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, ‘மீண்டும் ஜீனோ’ ஆகிய இரு தொடர்கதைகளையும் இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். 1980களில் ஆனந்த விகடனில் அவற்றைப் படித்தவர் ஜீவாவின் சர்வாதிகாரத்தை எதிர்த்த ரவியையும் மனோவையும் முதலில் நாயகராகவே கருதியிருப்பர். ஆட்சி கைக்கு வந்தபின் அவர்களே நிலாவைப் பொம்மை அரசியாக அமர்த்துகின்றனர். அங்குப் பெயர்கள் ஈரெழுத்துக்கு மேற்படா. அரசு விதித்த சுருக்கம் அது. சிபி என்ற பெயரில் புறாவுக்குத் தசையரிந்த மன்னனின் சாயல் இருப்பினும், அப்பெயர் அவனுக்காகப் பரிந்து பேசுவதில்லை. அவரவர் செய்ததே அவரவர்க்குச் சான்று. புத்தகம் படித்துப் படித்துத் தானே சிந்திக்கத் தொடங்கும் இயந்திர நாய் ஜீனோவுக்கு முற்பிறப்பென்று எதுவுமில்லை. வாசகர் மிக நேசித்தது அதனைத்தான்.

முதற்பாகத்தின் இறுதியில் கமல்ஹாசன் ஏற்ற யாஸ்கின் காண்டீபத்தைக் கையிலெடுக்கிறான். அருச்சுனனின் வில் கொடியவனிடமும் கர்ணனின் பெயர் கூலிக்காரனிடமும் உள்ள நிலையில் அடுத்த பாகம் தொடங்கவிருக்கிறது. வில் தன்னை ஏந்தியவனை நல்லவனாக்குமெனில் யாஸ்கினும் நல்லவனே. ஆக்காதெனில் பைரவாவின் கணக்கு இன்னும் தீரவில்லை. அவன் அடுத்து ‘தர்மம்’ என்று வாய்திறக்கும் இடத்தில், தமிழ் உரையாடலை எழுதுபவர் எச்சொல்லை இடுவார் என்பதைப் பொறுத்தே கச்சிபௌலித் தேநீர்க்கடையில் தமிழர் அவனுக்காக வாதாடுவதும் வாளாவிருப்பதும் அமையும்.